அண்ணனுக்கு முந்நூறு, கொழுந்தனுக்கு எழுவத்திரண்டு

அங்கிட்டுப் போகாதண்ணே. இங்கனயே உக்காரு, பெஞ்சு காலியாத்தான கெடக்கு. பஸ்ஸ விட்டு எறங்குனதும் எறங்காததுமா மண்டபத்துக்குள்ள போயி என்ன செய்யப் போற? ஆசாரியே இன்னும் வரல. ஊசி வராம தாய்மாமன் மடி மட்டும் வந்து என்னத்துக்கு ஆகும்? சங்கையாண்ணே, எங்க அண்ணனுக்கு ஒரு டீ போடுங்க, சீனி கம்மியா. டீ குடிப்பேல்ல? இது கடை டீதான். எங்க வீட்டுலதான கை நனைக்க மாட்டேன்னு சொல்லி விட்ட, பந்தல்குடிக் கடையில நனைக்கலாம்ல.

தெரியும்ணே. உங்க மாப்பிள்ள தாம்பூலத் தட்டத் தூக்கிக்கிட்டு திருச்சுழிக்கு வந்தப்ப நீ சொன்னத ஒரு எழுத்து விடாம வந்து சொல்லிட்டாக. பிள்ளைக்காக வாரேன், மடியில வச்சுக்கிறேன், காது குத்துனதும் கெளம்பிருவேன், எலையில உக்கார மாட்டேன். சரிண்ணே. அதப் பத்தி நான் இப்ப வாயத் தொறந்தேனா? நான் பேச வந்தது பிளக்ஸப் பத்தி.

அந்தா, ரோட்டுக்கு அந்தப் பக்கம், மண்டப வாசல்ல. இரு, இந்தத் தூத்துக்குடி லாரி போகட்டும். இப்பப் பாரு. தாய்மாமன் திருச்சுழி ஜெயபாண்டின்னு எழுத்து இங்கன வரைக்கும் தெரியுதுல்ல? மொகம் மட்டுமே அஞ்சு அடிண்ணே. ஏன் கண்ணச் சுருக்குற? யாருன்னா? நீதாண்ணே. எந்திரிக்காத, எந்திரிக்காத. அது இங்கன இருந்து பாக்குறதுக்குத்தான். கிட்டக்கப் போயிப் பாக்குற சாமானில்ல. நானாச் சொல்லல, பாளையம்பட்டி பிளக்ஸ் கடையில கம்ப்யூட்டர்ல உக்காந்து படம் வரையுதே, ஷஹீனான்னு ஒரு பிள்ள, அது சொன்னது. அக்கா, பாக்குறவுகள ரோட்டுக்கு எதுத்தாப்புல நிப்பாட்டிருங்க, கிட்ட விட்டுறாதீகன்னு. அதான் இந்தப் பெஞ்சு. டீயக் குடி.

போன தடவ நடந்தத நான் மறந்துட்டேன்னு நெனச்சியா? வீடு பால் காய்ச்சுன அன்னைக்கு வச்ச பிளக்ஸு. அத அடிச்சுக் கொண்டாந்தது எங்க கொழுந்தன் முகேஷு. அடிச்சவன் அவனாச்சா, அவன் மொகம் கூலிங்கிளாஸோட நெல்லுக் குலுக்கைத் தண்டிக்கு நிக்கிது. உன் மொகம் கீழ் வரிசையில, எல்கேஜி பிள்ளைகளோட. அதுலயும் கட்ட வந்தவன் வேற எடமே கெடைக்காத மாதிரி உன் நெத்தியில ஓட்டையப் போட்டு கயித்த விட்டுட்டான். நீ வந்து பாத்த. பாத்துட்டு உள்ள வந்த, அரிசி மூட்டைய எறக்கி வச்ச, திரும்பிப் போயிட்ட. தங்கச்சி வீட்டு மொதல் விசேஷம், கூடப் பெறந்தவன் எலையில உக்காரல. எனக்கு அன்னைக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த கூலிங்கிளாஸுல சாணிய அடிச்சிருப்பேன், மாமியா நின்னாக.

அதான் இந்தத் தடவ யாரையும் விடல. நானே போனேன். உங்க மாப்பிள்ளையத் தொணைக்கு இழுத்துக்கிட்டு டவுன் பஸ்ஸுல பாளையம்பட்டிக்குப் போயி, அந்தப் பிள்ள பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்துட்டேன். அது நல்ல பிள்ளதான், மரியாதையாத்தான் கேட்டுச்சு. அக்கா, போட்டோவ அப்படியே போடவா, வரைஞ்சு போடவா, ரெசல்யூஷன் முந்நூறு வக்கவா எழுவத்திரண்டு வக்கவான்னு.

எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? முந்நூறு பெருசு, எழுவத்திரண்டு சிறுசு. அம்புட்டுத்தான் தெரியும். நான் சொன்னேன், இங்க பாரு தாயி, எங்க அண்ணனுக்கு முந்நூறு போடு, எங்க கொழுந்தனுக்கு எழுவத்திரண்டு போடுன்னு.

அது என்னயப் பாக்குது, நான் அதப் பாக்குறேன். அப்படி ஆளுக்கு ஒரு நம்பரு வக்க முடியாதுக்கா, ஒரு படத்துக்கு ஒண்ணுதாங்குது. ஏன் முடியாது? பந்தியில எல்லாருக்குமா ஒரே மாதிரி கறி வக்கிறோம்? மொறைக்குத் தக்கனதான வைக்கிறோம். தாய்மாமன் மொற என்ன, சித்தப்பன் மொற என்ன? சொல்லிச் சொல்லிப் பாத்தேன், அது கேக்கல. சரி, வச்சுத்தான் காட்டேன் பாப்போம்னேன். அது எதையோ தட்டி உன் படத்துக்கு முந்நூறுன்னு வச்சுச்சு.

அண்ணே, நீ சுண்டைக்கா அளவுக்குப் போயிட்ட.

பொய் சொல்லல. முந்நூறு வச்சதும் நீ தபால் தலையில பாதி. பக்கத்துல எங்க கொழுந்தன் எழுவத்திரண்டுல எருமை மாதிரி நிக்கிறான். மறுபடியும் அதே கதையா? ஏ தாயி, கூட்டச் சொன்னா குறைக்கிறியே, உனக்கு முகேஷு பழக்கமான்னு கேட்டுட்டேன். பாவம், அந்தப் பிள்ள மூஞ்சி சுண்டிப் போச்சு.

அப்புறந்தான் வெளக்கமாச் சொல்லுச்சு. படம்ங்கிறது பூராம் புள்ளிதானாம்ணே. உன் மொகத்துல உள்ள புள்ளி உள்ளதுதான், கூடாது, குறையாது. அந்த முந்நூறுங்கிறது என்னன்னா, ஒரு அங்குலத்துக்குள்ள எத்தன புள்ளிய அடைக்கிறோம்ங்கிற கணக்கு. நெருக்கி அடைச்சா படம் சுருங்கிரும், தெளிவா இருக்கும். தள்ளித் தள்ளி வச்சா படம் விரியும், கலங்கிரும். அட, இது நம்ம கொத்தமல்லி வெதைக்கிற கணக்குத்தான்னேன். இருக்குற வெதைய நெருக்கி வெதச்சா கால் குறுக்க நெலத்துல முடிஞ்சு போகும், கலக்க வெதச்சா ஒரு குறுக்கம் வரும், ஆனா நடுவுல நடுவுல கட்டாந்தர தெரியும். ஆமாக்கான்னு சொல்லிச்சு. அதுக்கு மல்லி வெதைக்கிறதப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு நெனைக்கிறேன், என்னய விட்டாப் போதும்னு ஆமான்னுருச்சு.

கையில பிடிச்சுப் பாக்குற பத்திரிகைக்குத்தான் முந்நூறு வேணுமாம். ரோட்டுல போறவுக பாக்குற பிளக்ஸுக்கு எழுவத்திரண்டே தாராளமாம். தூரம் கூடக் கூட கண்ணு தானா ரொப்பிக்கிருமாம். அப்ப எங்க அண்ணனுக்கும் எழுவத்திரண்டா? ஆமாக்கா. சரி, அப்பக் கொழுந்தனுக்கு முப்பத்தாறு போடுன்னேன். அது எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போயிருச்சு.

என்ன? நல்ல போட்டோவாக் குடுத்திருக்க வேண்டியதுதானங்கிறியா? எங்கண்ணே போறது போட்டோவுக்கு? நீ என்னய பிளாக் பண்ணி வச்சிருக்க. உன் நம்பரத் தொட்டா ஒரு சாம்பக் கலரு பொம்மதான் நிக்கிது, தலையும் தோளும், மூஞ்சி இல்ல. குடும்ப குரூப்புல இருந்தும் வெலகிட்ட. ரேஷன் கார்டுல கூட நாம இப்ப ஒரே கார்டு கெடையாது. என் கல்யாண ஆல்பத்த எடுத்துப் பாத்தேன், அதுல நீ முடியெறக்கி, மீசையும் இல்லாம, அப்பா சட்டையப் போட்டுக்கிட்டு, கழுத்துல கயிறு கட்டுன கன்னுக்குட்டி மாதிரி நிக்கிற. அதப் போட்டா ஊருக்குள்ள யாருக்கு அடையாளம் தெரியும்?

மதினிகிட்டக் கேட்டேன். ஆமா, கேட்டேன். அவுகளத் திட்டாத. பாவம், அவுக அனுப்பத்தான் செஞ்சாக. ஆனா எதத் தட்டுனாகளோ, ஒரு தடவ பாத்தா அழிஞ்சு போற மாதிரி அனுப்பிட்டாக. தொறந்தேன், நீ மோட்டார் ரூம்பு பக்கத்துல பல்லு வெளக்கிக்கிட்டு நிக்கிற. உங்க மாப்பிள்ளையக் கூப்பிட்டுக் காட்டுறதுக்குள்ள போயிருச்சு. இன்னொருக்கா அனுப்புங்கன்னா, உங்க அண்ணன் வந்துட்டாக, வச்சுறேன்னு வச்சுட்டாக. அப்புறம் எடுக்கவே இல்ல.

ஆகக்கூடி என்கிட்ட இருந்தது ஒரே ஒரு போட்டோதான். எந்தப் போட்டோன்னு சொல்றேன், அதுக்குத்தான வாரேன். நம்ம குடும்ப குரூப்புல கெடந்தது. அசல் போட்டோ உங்க மாப்பிள்ள செல்லுல இருந்துச்சு, அந்தச் செல்லு தண்ணித் தொட்டியில விழுந்து போச்சு. இது வாட்ஸ்அப்புல அவுகளுக்கு இவுக, இவுகளுக்கு அவுகன்னு கை மாறி கை மாறி பழைய அஞ்சு ரூவாத் தாளு மாதிரி தேஞ்சு கெடந்துச்சு. அதுல நீ ஒரு ஓரமா, கடைக்கோடியில, அரைகொறையாத் தெரியிற. ஷஹீனா உன் மொகத்த மட்டும் வெட்டி எடுத்து எண்ணிப் பாத்துச்சு. நெத்தியில இருந்து தாடை வரைக்கும் அறுபதே புள்ளி. அறுபத அஞ்சு அடிக்கு இழுத்தா என்ன வரும்? அங்குலத்துக்கு ஒரு கட்டம். இழுத்துக் காட்டுச்சு. அண்ணே, உன் மொகத்துல தாயம் வெளாடலாம். மூக்கு எங்க இருக்கு, மீசை எங்க இருக்குன்னு தெரியாம, பூராம் பழுப்புக் கட்டமும் கருப்புக் கட்டமும். உங்க மாப்பிள்ள எட்டிப் பாத்துட்டு, இந்தக் கட்டத்துக்கு ஒரு சேல நெய்யச் சொன்னா நல்லா இருக்கும்ல தங்கம்ங்கிறாக. நெசவு ஊரு அருப்புக்கோட்டக்காரவுக புத்தி அப்படித்தான போகும்.

அப்புறம் ஏதோ ஒரு ஆப்பு, கலங்குன படத்தத் தானாத் தெளிவாக்கும்னு சொல்லி அதுல குடுத்துச்சு. அது தெளிவாத்தான் ஆக்குச்சு. உனக்கு நீலக் கண்ணு வச்சு, ஒதட்டுக்குச் சாயம் பூசி, கன்னத்துல குழி விழுக வச்சு அனுப்புச்சு. கரி மூட்டம் போட்டு லோடு ஏத்துற எங்க அண்ணனுக்கு நீலக் கண்ணாம். மதினி பாத்தா நீ யாருன்னு கேட்டிருப்பாக. வேண்டாம் தாயி, ஆண்டவன் குடுத்த கண்ணே இருக்கட்டும்னேன்.

கடைசியாத்தான், நானே வரைஞ்சுறேன்க்கான்னு சொல்லுச்சு. வரைஞ்சா புள்ளிப் பஞ்சமே இல்லையாம், வேணும்ங்கிற அளவுக்கு நாமளே வச்சுக்கலாமாம். அப்ப முந்நூறு வையின்னேன். பத்தடி பிளக்ஸுக்கு முந்நூறு வச்சா கம்ப்யூட்டரு தாங்காதுக்கான்னுச்சு. நீ வச்சுப் பாருன்னேன். வச்சுச்சு. பெட்டிக்குள்ள காத்தாடி சுத்துற சத்தம் மாவு மில்லு கணக்கா கேட்டுச்சு, அப்படியே நின்னு போச்சு. உள்ள இருந்த கல்யாணப் பத்திரிகை ரெண்டு அதோட போயிருச்சாம். கடைக்காரரு வந்து என்னய ஒரு பார்வ பாத்தாரு. சரி, எழுவத்திரண்டுன்னு எறங்கி வந்தேன். ஆனா பத்திரிகையில உனக்கு முந்நூறுதாண்ணே. அதுல நான் விடல.

வரையணும்னா அங்க அடையாளம் வேணும்ல. மச்சம் எந்தக் கன்னத்துலக்கான்னு கேட்டுச்சு. நான் எடதுங்கிறேன், உங்க மாப்பிள்ள வலதுங்கிறாக. இப்பப் பாக்குறேன், உனக்கு மச்சமே இல்ல. அது அப்பாவுக்குல்ல இருந்துச்சு. சரி விடு, கெடந்துட்டுப் போகுது. மீசைய முறுக்கு மீசையாப் போடுன்னு நான்தான் சொன்னேன், கம்பீரமா இருக்கட்டும்னு. கண்ணும் மூக்கும் ஒரு உத்தேசந்தான். காது மட்டும் அந்தப் போட்டோவுல நல்லா விழுந்திருந்துச்சு. நீ பக்கவாட்டுல திரும்பி இருக்கேல்ல, அதனால. அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான், அதனால அத மட்டும் நரம்பு நரம்பா, மடிப்பு மடிப்பா வரைஞ்சிருக்கு பாரு. காது மட்டும் உரிச்சு வச்சாப்புல நீதான்.

ஆமா, பெருசாத்தான் இருக்கு. மொறம் மாதிரி இருக்கு. என்ன செய்யச் சொல்ற, காதுகுத்து விசேஷம், காது பெருசா இருந்தா என்னன்னு விட்டுட்டேன். காலையில இருந்து ரெண்டு பேரு வந்து, காது மருத்துவ முகாம் எத்தன மணி வரைக்கும்னு கேட்டுட்டுப் போயிட்டாக. ஒரு பெருசு டோக்கன் குடுத்தாத்தான் ஆச்சுன்னு நாற்காலியப் போட்டு உக்காந்துட்டாரு. அவரையும் சாப்புடச் சொல்லியிருக்கேன்.

சிரி, சிரி. எம்புட்டு நாளாச்சு நீ சிரிச்சு. டீ சட்டையில ஊத்துது பாரு.

என்னது? காது பக்கத்துல மஞ்சளா என்னமோ ஒட்டியிருக்கா? கண்ணு நல்லாத்தாண்ணே தெரியுது உனக்கு. வந்தவுக பூராம் அதத்தான் கேக்குறாக. கடுக்கனான்னு கேட்டாக. புளூடூத்தான்னு கேட்டாக. எங்க கொழுந்தன், காது ஓலப்பெட்டி மாதிரி இருக்கு, அதுல ஒட்டுனது வெண்ணையான்னு கேட்டான். ஷஹீனாவே அத அழிச்சுறேன்க்கா, போட்டோவுல ஏதோ அழுக்குன்னு அழிக்கப் போச்சு. நான்தான் கையப் பிடிச்சுட்டேன். அழுக்கில்ல தாயி, இருக்கட்டும், எப்படி இருக்கோ அப்படியே கட்டமாவே போடுன்னேன்.

அந்தப் போட்டோ எதுன்னு கேட்டேல்ல. பால் காய்ச்சுன அன்னைக்கு எடுத்ததுண்ணே. எங்க மாமியா, மாமனாரு, கொழுந்தன், பிள்ளைக, எல்லாரும் நெலப்படியில வரிசையா நிக்கிறாக. வீட்டுக்காரி நான் அதுல இல்ல. இம்புட்டு நாளா அந்தப் போட்டோவ எத்தனையோ பேரு பாத்தாச்சு, தங்கலட்சுமி எங்கன்னு ஒருத்தரும் கேக்கல. அவுகளுக்குப் பின்னால வாசல் இரும்புக் கேட்டு தெரியுது. கேட்டத் தாண்டி நீ தெருவுல திரும்பிப் போயிக்கிட்டு இருக்க. அதான் பக்கவாட்டு மொகம், அதான் காது.

மதினிகிட்டச் சொன்னியாம்ல, ஒருத்தரும் கூப்பிடல, கூடப் பெறந்தவ வாசலுக்குக் கூட வரலன்னு. எங்க மாமியா தோளுக்கும் உன் காதுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்குண்ணே. அந்தச் சந்துல தெரியுது பாரு, அந்த மஞ்சக் கட்டம், அது நான். என் சேல முந்தி. அண்ணே அண்ணேன்னு கத்திக்கிட்டே வாரேன், ஸ்பீக்கர்ல பாட்டு ஓடுது, இம்புட்டுப் பெரிய காத வச்சிருக்க, உனக்கு ஒண்ணும் கேக்கல. லாரியில ஏறிட்ட. கையில கேசரித் தட்டு இருந்துச்சு. அது படத்துல விழுகல, அதுக்குப் புள்ளி பத்தலக்கான்னு ஷஹீனா சொல்லுச்சு.

அந்தா ஆசாரி வண்டி வந்துருச்சு. எந்திரி, பிள்ள காலையில இருந்து மாமா மடி மாமா மடின்னு கெடக்கு. மூஞ்சியத் தொடச்சுக்க, டீ ஒட்டியிருக்கு. ரோட்டப் பாத்துத் தாண்டு. இன்னொண்ணுண்ணே, காது குத்துனதும் நீ பாட்டுக்கு விடுவிடுன்னு நடந்துறாத. போன மழையில வரப்புல வழுக்கி எனக்கு முழங்கால் சரியில்ல, அன்னைக்கு மாதிரி ஓட முடியாது.